புகை போட்ட அலமாரி

மழையில் நனைந்த சாக்கை வெயில் படாத மூலையில் ஒரு வாரம் மடித்துப் போட்டுவிட்டுப் பிரித்தால் எப்படி ஒரு வாடை வருமோ, அப்படி ஒரு வாடை எங்கள் விடுதி அலமாரியின் இரட்டைக் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும். எழுபதுகளின் பின்பாதியில், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, படவேட்டுப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்த ஐப்பசி மாதம் அது. மழை விட்டபாடில்லை. சுவருக்குள் பதித்துக் கட்டிய அந்த ஒரே அலமாரியில்தான் எல்லாப் பிள்ளைகளின் துணியும் இருந்தது. மலைப் பிள்ளைகள் நாங்கள் நாலைந்து பேர். மற்றவர்கள் கீழ்நாட்டுப் பிள்ளைகள்.

வாடை என்று ஒன்று வந்துவிட்டால் அது யாருடையது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். பதிலுக்கு யாரும் யோசிக்கக்கூட இல்லை. கண்ணமங்கலத்திலிருந்து வந்து படித்த வசந்தா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த மலைக்காரிங்க துணியிலதான் டீச்சர் நாத்தம்" என்றாள். வார்டன் டீச்சர் என் பாவாடையை எடுத்து முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். என் பாவாடையில் வாசனை இருந்தது உண்மைதான். ஆனால் அது புகை வாசனை.

இதை இங்கே கொஞ்சம் விளக்கித்தான் ஆகவேண்டும். மலையில் எங்கள் வீட்டில் பெட்டியும் கிடையாது, பீரோவும் கிடையாது. அடுப்புக்கு மேலே கை எட்டும் உயரத்தில் ஒரு மூங்கில் கழி தொங்கும், துணியெல்லாம் அதில்தான். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊரில், பூச்சியும் பூஞ்சணமும் தின்னாமல் துணியைக் காப்பாற்றுவது அடுப்புப் புகைதான். "பொகை படாத துணி, தொவைக்காத துணி" என்பாள் அம்மா. விடுமுறை முடிந்து நான் கீழே இறங்கும்போது, தணலில் குங்கிலியப் பிசினைத் தூவி, என் இரண்டு பாவாடைகளையும் அதன்மேல் விரித்துப் பிடித்துப் புகை ஏற்றி, அப்புறம்தான் மடித்துக் கொடுப்பாள். எங்களுக்கு அதுதான் சுத்தம். கீழ்நாட்டுக்கு அதுவே அழுக்கு.

டீச்சர் கெட்டவர் இல்லை. காய்ச்சல் கண்டால் தன் கையாலேயே கஞ்சி ஆற்றிக் கொடுப்பவர். அதனால்தான் அவர் மெதுவாக, "உங்க துணிய கொஞ்ச நாளைக்கி வெளிய வெச்சிக்குங்கம்மா" என்றபோது அடித்ததைவிட அதிகமாக வலித்தது. எங்கள் துணிகள் சாக்குப் பைகளுக்குப் போயின. சாக்குகள் தாழ்வாரத்து ஆணிகளில் தொங்கின. அன்று முதல் எங்களுக்கு "சாக்குப் பொண்ணுங்க" என்று பேர்.

எங்கள் ஊர் குப்பு என் பக்கத்துப் பாயில் படுப்பவள். கணக்கில் வகுப்பிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "சனிக்கெழம சந்தைக்கி எங்கப்பா வருவாரு. அவருகூடவே போய்டறேன்" என்று மட்டும் சொன்னாள். "பொட்டப் புள்ளைக்கி இன்னாத்துக்குப் படிப்பு" என்று ஊரே கேட்டபோது எதிர்த்து நின்று அவளை அனுப்பியவர் அவள் அப்பா. படிப்பைப் பாதியில் விட்டு மலை ஏறிய பெண் மறுபடி இறங்கியதாக எங்கள் பக்கத்தில் சரித்திரமே இல்லை. குப்பு போனால் போனதுதான்.

என் அப்பா ஒன்று சொல்வார்: "செய்யாத தப்புக்குத் தல குனிஞ்சா, நாளைக்கிக் கால்ல வுழணும்." அதை மனசுக்குள் மென்றுகொண்டே இருந்தேன். அப்படி இருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் துணிகள் வெளியேறி வாரம் ஒன்று ஆகிறது. அலமாரி அப்படியேதான் நாறுகிறது, முன்னைவிட மோசமாக. இதை வசந்தாவிடம் சொன்னேன். "நீங்க வெச்ச நாத்தம் பலகையில ஏறிப்போச்சுடி" என்றாள். நியாயத்துக்கு எத்தனை வாசல் அடைக்கலாம் என்று தெரிந்தவள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை விட்டிருந்தது. டீச்சர் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். சாக்கில் கிடந்து கசங்கிய துணியோடு போக மனசில்லாமல் நாங்கள் மட்டும் தங்கிவிட்டோம். அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். பாதி காய்ந்தும் காயாமலும் மடித்து வைத்த தாவணிகள், பவுடர் போட்டு மறைத்த ஈரத் துண்டுகள். அவற்றுக்குப் பின்னால் சுவர் பச்சை பிடித்து, கை வைத்தால் பிசுபிசுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் குளிக்கிற தண்ணீர்த் தொட்டி. அது விரிசல் விட்டு, வேர்வை போல இந்தப் பக்கம் கசிந்துகொண்டிருந்தது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் ஜெயித்திருப்போம். ஆனால் நாங்கள் மலைக்காரிகள் ஆயிற்றே. நாற்றத்தைக் கண்டால் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தலைவலிக்கு வேண்டும் என்று குப்புவின் அம்மா ஒரு குங்கிலியக் கட்டியைத் துணியில் முடிந்து கொடுத்திருந்தாள். தணல் கேட்டுப் போனபோது சமையல்கார அக்கா, "எடுத்துக்க. ஆனா நான் குடுக்கல" என்றாள். ஓட்டுச் சட்டியில் தணல் போட்டு அலமாரியின் அடித்தட்டில் செங்கல்மேல் வைத்தோம். இவ்வளவு செய்கிறோம், அவர்கள் துணியை மட்டும் விடுவானேன் என்று பெருந்தன்மையாக எல்லாருடைய துணியையும் மறுபடி உள்ளே மேல்தட்டுகளில் விரித்துத் தொங்கவிட்டு, குங்கிலியத்தைத் தூவிக் கதவைச் சாத்தினோம். எங்கள் ஊரில் இதைச் செய்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

கோயிலிலிருந்து திரும்பிய பிள்ளைகள் வாசலிலேயே இருமத் தொடங்கினார்கள். தன் பட்டுப் பாவாடை குங்கிலியப் புகையில் முழுகியிருந்ததைப் பார்த்து வசந்தா ஓவென்று அழுதாள். டீச்சர் முகம் சிவந்துவிட்டது. என்னை முன்னால் நிறுத்தி, எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

"நாத்தம் போச்சா இல்லியான்னு மோந்து பாத்துட்டுச் சொல்லுங்க டீச்சர். மன்னிப்ப அப்பறம் பாக்கலாம்" என்றேன்.

அவர் அலமாரிக்குள் தலை நீட்டினார். நான் பின்சுவரைக் காட்டினேன். அதில் உள்ளங்கையை வைத்தார். பச்சைக் கறை ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி, செவுரு ஈரம்தான். கேக்காம இவங்க துணிக்குப் பொகை போட்டியே, அதுக்காவது மன்னிப்புக் கேளு" என்றார். மாட்டேன் என்று தலையாட்டினேன். ராத்திரிச் சாப்பாடு கிடையாது, தாழ்வாரத்தில் நில் என்றார். போய் எங்கள் சாக்குகளின் கீழே நின்றேன். சற்று நேரத்தில் குப்பு தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

உள்ளே வசந்தாவின் அழுகை ஓயவில்லை. அழுகையோடு அழுகையாக அவள் கேட்டதுதான் எல்லாவற்றையும் மாற்றியது: "இப்போ எங்க துணியும் அவங்க துணி மாதிரிதான நாறுது டீச்சர். எங்களையும் சாக்குலதான் போடுவீங்களா?"

அவள் எங்களுக்காகப் பேசவில்லை, தனக்காகத்தான் பேசினாள். ஆனாலும் கேள்வி கேள்விதான். ஒரு விடுதியையே சாக்கில் கட்டித் தொங்கவிட எத்தனை ஆணிதான் அடிப்பது? காலையில் டீச்சரே தாழ்வாரத்துக்கு வந்து எங்கள் துணிகளை எடுத்துப் பழைய தட்டுகளில் அடுக்கினார். தொட்டியைப் பூச ஒரு கொத்தனாருக்கும் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை மத்தியானம் குப்புவின் அப்பா புளி மூட்டையை இறக்கிவிட்டு வந்து நின்றார். குப்பு தன் சாக்கை மடித்து அவர் கையில் கொடுத்தாள். "காலியாதான் கீது. எடுத்துகினு போப்பா, சாமை கட்ட ஆவும்" என்றாள். நடந்தது எதுவும் தெரியாத மனுஷர், நல்ல சாக்காச்சே என்று தட்டிப் பார்த்துத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக மலை ஏறினார்.

இப்போது அந்த விடுதி இல்லை. இடித்துவிட்டு வேறு ஏதோ கட்டிவிட்டார்கள். எங்கள் மலை வீட்டில் கேஸ் வந்து, மூங்கில் கழியும் போயிற்று. கண் எரியாமல் சமைக்கிறார்கள், அதற்காக நான் கண்ணீர் விடப் போவதில்லை. என் இரும்பு பீரோவிலும் கடையில் வாங்கிய பாச்சை உருண்டை வாசனைதான். போன வருஷம் கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் வசந்தாவைப் பார்த்தேன். பல் போனாலும் வாய் போகவில்லை. "அன்னிக்கி 'தப்பு டீச்சர்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சூடா சோறு தின்னுட்டுப் படுத்திருக்கலாமில்லடி?" என்றாள்.

"நாத்தம் போச்சா இல்லியா?" என்றேன்.

"போச்சுதான்" என்று சிரித்தாள்.

அவ்வளவுதான். அந்த மன்னிப்பை நான் இன்னும் கேட்கவில்லை. கேட்பதாகவும் இல்லை.