மிஸ்ஸி வீட்டு மேற்கு அறை

நான் கணக்கு டீச்சர். வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுத்தவள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிற ஆள். ஃபேரர் பார்க்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரம் இருந்தது, அந்தி நேரத்தில் பேய்க்குப் பயந்து எல்லோரும் அதைவிட்டு விலகிச் சுற்றிக்கொண்டு போவார்கள், நான் அதன் கீழேயே நின்று ஐஸ் உருண்டை சாப்பிட்டிருக்கிறேன். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. எனக்கு நீ சூன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. இன்றைக்கு ஈசூன் என்று சொல்லி எம்ஆர்டி ரயிலில் போய் இறங்குகிறோமே, அதே இடம்தான். அப்போது அங்கே ரப்பர் மரமும் அன்னாசியும் பன்றிப் பண்ணையும் செம்மண் பாதையும்தான், மழை பிடித்துக்கொண்டால் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தினமும் போய் வந்தால் உடம்பு தாங்காது என்று அம்மா சொன்னார். வார நாட்களில் தங்க இடம் தேடியபோது தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த கிராணி, "மிஸ்ஸி வீட்டுல கேட்டுப் பாருங்க டீச்சர், ரூம் விடுறாங்க," என்றார்.

அந்தக் காலத்தில் நர்சு என்றால் மிஸ்ஸிதான். இந்த மிஸ்ஸியின் பெயர் செல்லம்மா. அந்தப் பக்கத்துக்கு முதன்முதலில் வந்த நர்சு அவர். அதற்கு முன்னால் பிரசவத்தில் சிக்கல் என்றால் லாரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோவார்களாம், சில பேர் போய்ச் சேர மாட்டார்களாம். இவர் சைக்கிளில் தோட்டம் தோட்டமாக, கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார். தமிழர் வீட்டில் தமிழ், மலாய்க்காரர் வீட்டில் மலாய், சீனர் பண்ணையில் அவர்களுடைய தியோச்சியூ மொழி, எல்லாம் பேசுவாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் அங்கே போவதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் இறந்திருந்தார்.

கதவைத் திறந்தது ருக்குமணி அக்கா. சீன முகம், நெற்றியில் குங்குமம், நூல் புடவை, வாயைத் திறந்தால் நம்மைவிட நல்ல தமிழ். அந்த நாளில் சீனர்கள் வளர்க்க முடியாத பெண் குழந்தைகளைத் தமிழ் வீடுகளுக்குக் கொடுப்பது சாதாரணமாக நடக்கும், அதனால் எனக்கு ஆச்சரியமாக இல்லை. மிஸ்ஸி எடுத்து வளர்த்த பெண் அவர். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். பலகை வீடு, தகரக் கூரை. அறைகளை என்னைப் போன்ற டீச்சர்களுக்கும் ரோடு போட வரும் ஓவர்சியர்களுக்கும் விட்டுத்தான் அவர் காலம் தள்ளினார்.

அன்றைக்கு எல்லா அறைகளும் காலியாகத்தான் இருந்தன. ஆனால் அவர் மேற்குப் பக்கத்து அறையைத்தான் திறந்தார்.

"இது அம்மா ரூம். காத்து நல்லா வரும்."

"வெயில் அடிக்குமே அக்கா. அந்த ரூம்ல இருந்துக்கிறேனே?"

"அதெல்லாம் ஒழுகும் டீச்சர்."

ஒழுகவில்லை என்பது அடுத்த மழையிலேயே தெரிந்துவிட்டது. நானும் பேசாமல் விட்டுவிட்டேன்.

பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். வந்து சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுப்பேன். முதல் வாரமே ஒரு நாள், படுத்தது ஞாபகம் இருக்கிறது, எழுந்தது ஞாபகம் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் என்றுகூடச் சொல்ல முடியாது, கண் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது, நான் கிணற்றடியில் நின்று சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கை கழுவிக்கொண்டிருந்தேன். விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துத் தேய்த்து. வெயில் மயக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த தடவை அப்படி ஆனபோது ருக்குமணி அக்கா பின்வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. எதற்கோ காத்திருக்கிற முகம்.

"என்ன டீச்சர், என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"இல்லையே அக்கா."

"சரி," என்றார். அந்தச் 'சரி'யில் அவ்வளவு ஏமாற்றம்.

அதற்குப் பிறகு ஒரு காலையில், பிள்ளையைப் பள்ளியில் விட வந்த ஒரு தோட்டத்துப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு வாய்ப்பாடு வரவில்லை என்பதுதான் பேச்சு. பேச்சு நடுவில் என் கை போய் அவள் கன்னத்தைப் பிடித்து, கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தது. "ரத்தமே இல்லையே. நிறைய கீரை சாப்பிடு. பாரம் தூக்காத, இது நிக்கணும்ல," என்று என் வாய் சொன்னது. அவள் கர்ப்பமாக இருப்பதை அப்போது புருஷனுக்குக்கூடச் சொல்லவில்லையாம். அவள் கோபப்படவில்லை. கண் கலங்கிப்போய், "மிஸ்ஸியும் இப்படித்தான் டீச்சர் இழுத்துப் பாப்பாங்க," என்றாள்.

கல்யாணமாகாத பெண் நான். பிரசவம் பற்றி எனக்கு என்ன தெரியும்? அன்று வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது என் கையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ருக்குமணி அக்கா அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். நேராகவே கேட்டேன்.

"அந்த ரூம்ல இதுக்கு முன்னாடி தங்கினவங்களுக்கும் இப்படி ஏதாவது ஆச்சா?"

அவர் மறைக்கவில்லை. "ஓவர்சியர் ஒருத்தர் இருந்தாரு. தூக்கத்துல தாலாட்டுப் பாடுவாரு, மீசை வெச்ச மனுஷன். வெக்கப்பட்டுக்கிட்டுப் போயிட்டாரு. அப்புறம் ஒரு டீச்சர் வந்தாங்க. அவங்க காரணம் சொல்லல."

"தெரிஞ்சேதான் என்னை அங்க படுக்க வெச்சீங்களா?"

"ஆமா டீச்சர்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் மீனைத் தள்ளி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார்.

"நானே அந்தக் கட்டில்ல எத்தனையோ நாள் படுத்துப் பாத்துட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல. ஊருக்கெல்லாம் வராங்க, எனக்கு வரல." "என்னைப் பெத்தவங்க யாருன்னு அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். கேக்கும்போதெல்லாம் உன் கல்யாணத்தன்னைக்கு சொல்றேன்னுவாங்க. கல்யாணமும் நடக்கல. கடைசியில பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. என் கையைப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொல்ல வந்தாங்க டீச்சர், சத்தமே வரல. நீங்க கேட்டு சொல்லுங்க."

"நான் கணக்கு டீச்சர் லா. மந்திரவாதி இல்ல," என்றேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, பள்ளி முடிந்ததும் பெட்டியோடு கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பேய் மழை. தகரக் கூரையில் அடிக்கிற சத்தத்தில் நம் குரல் நமக்கே கேட்காது. ருக்குமணி அக்கா அடுப்படியில் சோறு வைத்துக்கொண்டிருந்தார், என் பக்கம் வரவே இல்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். எங்கிருந்தோ ஆஸ்பத்திரி மருந்து நெடி அடித்தது. கடைசிப் புடவையை வைத்து மூடியை அழுத்தினேன். இது வரைக்கும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்து எனக்குத் தெரிவது அடுப்படி. மழை நின்றிருந்தது. நான் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். ருக்குமணி அக்காவின் தலை என் மடியில் இருக்கிறது. என் கை அவர் தலைமுடியைக் கோதிக்கொண்டிருக்கிறது. அடுப்பில் சோறு அடிப்பிடித்துக் கருகிய வாசனை. நாள் முழுக்கப் பாடம் நடத்தியதுபோல் தொண்டை கட்டியிருந்தது. இதைச் சொன்னால் நீங்கள் சிரித்தாலும் சிரிப்பீர்கள், என் வாயின் வலது ஓரம் மரத்துப்போய், எச்சில் வழிந்துகொண்டிருந்தது.

"நான் என்ன சொன்னேன் அக்கா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனால் அது துக்கமுகம் இல்லை. "போதும் டீச்சர். உங்களுக்கு ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டேன்," என்றார். எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்தார். பஸ் வந்ததும் நடுரோட்டில் குனிந்து என் காலைத் தொட்டார். என்னைவிட மூத்தவர். நான் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தேன். அது எனக்குச் செய்த வணக்கம் இல்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து விழுந்தவள்தான், காய்ச்சல். அந்த வாரம் முழுக்கக் கட்டிலைவிட்டு எழுந்ததாக எனக்கு ஞாபகமில்லை. டாக்டர் வந்து ஊசி போட்டார், அம்மா திருநீறு பூசினார். உடம்பு தேறியதும் கெஞ்சிக் கூத்தாடி டவுனில் ஒரு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம், பிள்ளைகள். அந்த வீட்டைப் பற்றி என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை.

சில வருடங்கள் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்கா மார்க்கெட்டில் மீன் பகுதியில் நிற்கிறேன், நல்ல கூட்டம். "டீச்சர்" என்று ஒரு குரல். திரும்பினால் ருக்குமணி அக்கா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு வயதான ஒரு சீன அம்மா, கறுப்பு முழுக்கால் சட்டையும் கழுத்து மூடிய மேல்சட்டையும் போட்டு, வெள்ளைமுடியை வழித்துக் கொண்டை போட்டிருந்தார்.

"எங்கம்மா," என்றார் ருக்குமணி அக்கா. "பெத்தவங்க. புக்கிட் பாஞ்சாங்ல காய்கறித் தோட்டம் போட்டிருந்தாங்க. இப்ப என்கூடத்தான் இருக்காங்க. இவங்க பேச்சும் கத்துக்கிட்டேன்."

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது மாதிரி. "அன்னைக்கு நான் ஏதோ பேர் சொல்லியிருக்கேன் போல. அதை வெச்சுத் தேடினீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நான் எங்க டீச்சர் தேடினேன்? நீங்க பேரெல்லாம் சொல்லல. மிஸ்ஸி அம்மா குரல்ல, உன்னைப் பெத்தவகிட்ட நானே போய் சொல்றேன், நீ வீட்டுலயே இருன்னு சொன்னீங்க, அவ்வளவுதான். அடுத்த வாரமே இவங்க வந்து வாசல்ல நின்னாங்க. நீங்கதான் நேர்ல வந்து சொன்னீங்கன்னு சொல்றாங்களே."

"நான் புக்கிட் பாஞ்சாங் பக்கமே போனதில்லை அக்கா. அந்த வாரம் காய்ச்சல்ல கிடந்தேன்."

ருக்குமணி அக்கா அந்த அம்மாவிடம் திரும்பி தியோச்சியூவில் கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நீளமாகப் பதில் சொன்னார், என் புருவத்துக்கு மேலே கை காட்டினார். சின்ன வயதில் ஊஞ்சலில் விழுந்த தழும்பு எனக்கு அங்கே இருக்கிறது.

"நீங்களேதான்னு சொல்றாங்க. அந்தத் தழும்பு. தலை சீவாம, செருப்பு இல்லாம வந்தீங்களாம். உடம்பு அனலா கொதிச்சுச்சாம். உக்காரச் சொன்னாங்களாம், நீங்க உக்காரலையாம்."

சுற்றிலும் விலை கேட்கிற சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், பளீரென்று காலை வெளிச்சம். அந்த அம்மா அருகில் வந்து என் கன்னத்தை உள்ளங்கையால் தடவினார். சின்னதாக ஏதோ கேட்டார். மரியாதைக்குச் சிரித்துத் தலையாட்டிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தேன். ருக்குமணி அக்காவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்ன அக்கா?"

"இவங்க கேட்டதுக்கு நீங்க பதில் சொன்னீங்களே."

"நான் தலையைத்தானே ஆட்டினேன்."

"இல்ல டீச்சர். மறுபடியும் எப்ப வருவீங்கன்னு கேட்டாங்க. சீக்கிரம் வர்றேன்னு அவங்க பாஷையிலேயே சொன்னீங்க."

அவர் சொன்னதை நான் நம்பாமல் இருந்திருப்பேன். ஆனால் பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த சீனர் கத்தியை அப்படியே நிறுத்திவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காய்ச்சல் வாரத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்கலாம் என்றுதான் அன்று வீட்டுக்குப் போனேன். கேட்கவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. ருக்குமணி அக்காவும் இப்போது இல்லை. இன்றைக்கும் எனக்கு தியோச்சியூவில் ஒரு வார்த்தை தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் பஸ்ஸிலோ கடையிலோ வயதான சீனர்கள் யாராவது பக்கத்தில் நின்று அந்த மொழியில் பேசிக்கொண்டால் நான் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறேன். பார்ப்பவர்கள் கொட்டாவி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.