நாலு தண்டவாள தூரம்

என் அப்பாவின் உள்ளங்காலில் இரும்பு வாசனை வரும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத வாசனை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து அவர் கால் நீட்டி உட்காரும்போது, பாதத்தின் நடுவே குதிகாலிலிருந்து பெருவிரல் வரைக்கும் ஒரு கறுத்த பட்டை மட்டும் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். வெறுங்காலோடு தண்டவாளத்தின் மேல் வருஷக்கணக்காக ஓடி ஏறிய மெருகு அது.

அப்பா பெயர் சவரிமுத்து. "டிராலிமேன்" வேலை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு டிராலி என்றால் கடைகளில் சாமான் போட்டுத் தள்ளும் கூடைதான் தெரியும். அப்போது அது தண்டவாளத்தில் ஓடும் நாலு சக்கரப் பலகை வண்டி. முன்னால் ஒரு பெஞ்சு, அதில் பாதையைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர் உட்காருவார். வண்டிக்கு நாலு டிராலிமேன்; முறைவைத்து இரண்டிரண்டு பேராகப் பின்னாலிருந்து ஆளுக்கொரு தண்டவாளத்தின் மேல் ஓடித் தள்ளுவார்கள். வண்டி வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்வார்கள். அதன்பின் யாரும் தொடாமலே அது வெகுதூரம் போகும். வேகம் ஓய்ந்தால் மறுபடி குதித்து ஓட வேண்டும். வண்டியை நிறுத்த ஓரத்தில் ஒரு கைப்பிடி உண்டு. அதை அழுத்தினால் மரக்கட்டை போய்ச் சக்கரத்தைக் கவ்வும். அந்தக் கைப்பிடி, நால்வரில் மூத்தவரான அப்பாவிடம் இருந்தது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாதையில், பரங்கிப்பேட்டைக்குச் சற்று வடக்கே, வரிசையாக ஆறு ஓட்டு வீடுகள் கொண்ட "குவாட்டர்ஸ்" எங்களுடையது. அதற்கும் கடலுக்கும் இடையில் சவுக்குத் தோப்பு. தோப்பை ஒட்டிய குடிசைகளில் ஒன்றில் செல்லம்மா இருந்தாள். உப்பனாற்று நண்டை அலுமினிய அன்னக்கூடையில் சுமந்து வந்து எங்கள் வீடுகளில் விற்பாள். அவள் மகள் அஞ்சலையும் நானும் ஐந்தாவது வரை ஒரே பள்ளிக்கூடம், ஒரே பலகை. ஆறாவதுக்கு நான் பாசஞ்சர் வண்டியேறிச் சிதம்பரம் போக ஆரம்பித்தேன். அவளும் மறு வருஷம் அங்கே சேருவதாகத்தான் பேச்சு.

அறுபதுகளின் நடுவில், நான் ஆறாவது படித்த வருஷத்து மார்கழி. நாலு நாளாக விடாத மழை. வயலும் வாய்க்காலும் ஒன்றாகி, ரயில் பாதைக் கரை மட்டும் தண்ணீருக்கு நடுவே நீளமாகக் கிடந்தது. வெள்ளாற்றுப் பாலத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லும்வரை வண்டிகளை நிறுத்திவைத்திருந்தார்கள். எனக்கோ அன்று அரைப்பரீட்சை, கணக்கு. பையும் கையுமாக வாசலில் நின்று நான் அழுதுகொண்டிருந்தபோது, பாலத்தைப் பார்க்கப் புறப்பட்ட டிராலி எங்கள் வீட்டு எதிரில் நின்றது. வெளியாளை ஏற்றக் கூடாது என்பது சட்டம். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"ஏத்திக்கய்யா. பாலத்துகிட்ட எறங்கி நடந்து போயிடும். பரீட்சைய வுட முடியுமா?"

அவர் நல்ல மனுஷர். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

எனக்கு அது முதல் சவாரி. அப்பாவின் பக்கத்தில், பலகை விளிம்பில், பையை வயிற்றோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பாவோடு வேலை பார்த்த கோவிந்தன் மாமாவும் இன்னொருவரும் தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஒரு மதகு தாண்டியதும் பாதை தெற்கே மெல்லச் சரியும். அங்கே இருவரும் ஏறிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் கரையோரம் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பக்கவாட்டிலேயே பார்த்துவந்தார், அன்றைக்கு அவருக்கு அதுதான் வேலை. எனக்குப் பல் தந்தியடித்தது. அப்பா பெஞ்சுக்கு அடியில் மடித்து வைத்திருந்த சாக்கை உருவி, என் பக்கம் திரும்பி, தலையோடு சேர்த்துப் போர்த்திக் கழுத்தடியில் முடிச்சுப் போட்டார். ஈரச் சாக்கு, முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டார். அதற்குள் வண்டி வளைவைத் தாண்டிவிட்டது.

செல்லம்மா பாதையின் நடுவில் எங்களுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தாள். பரங்கிப்பேட்டைக்குப் போக அன்று வேறு மேடு கிடையாது. மழைக்காக அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்திருந்தாள், காது வரைக்கும். அலுமினியத்தின் மேல் மழை அடிக்கிற சத்தத்தில் அவளுக்கு எங்கள் சக்கரச் சத்தம் கேட்கவில்லை.

அப்பா கத்தினார். கைப்பிடியின் மேல் உடம்பு மொத்தத்தையும் போட்டு அழுத்தினார். கட்டை கவ்வியது, நனைந்த சக்கரம் வழுக்கியது. கடைசி நேரத்தில் அவள் திரும்பினாள். அந்த முகத்தை நான் பார்த்தேன்.

நான் எப்படிப் பறந்தேன் என்று தெரியாது. கரைக்குக் கீழே, நடவு வயலின் சேற்றில் முழங்கை வரை புதைந்து கிடந்தேன். எழுந்து நின்றேன். ஒரு கீறல் இல்லை. மேலே டிராலி முன்சக்கரம் இறங்கிச் சாய்ந்து நின்றது. செல்லம்மா ஜல்லியில் விழுந்திருந்தாள். தலைக்குக் கீழே மழைத்தண்ணீர் சிவப்பாக ஓடிற்று. அப்பா குதித்து ஓடிவந்தார், முதலில் என்னிடம். என் கை, கால், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் கரை ஏறினார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நாலு பேருமாக வண்டியைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்து, அவளைப் பெஞ்சில் கிடத்தினார்கள். கோவிந்தன் மாமா என் தோளைப் பிடித்துச் சொன்னார்:

"நீ வூட்டுக்குப் போ. டிராலியில நீ வரல. யாரு கேட்டாலும் வரல. தெரியுதா?"

இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பரங்கிப்பேட்டையை நோக்கி ஓடினார்கள். அப்படி ஓடி நான் அவர்களைப் பார்த்ததில்லை. அங்கிருந்து லாரியில் கடலூர் ஆஸ்பத்திரி. செல்லம்மா மூன்று நாள்தான் உயிரோடிருந்தாள்.

விசாரணை நடந்தது. மழையில் பிரேக் வழுக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், அது பொய்யில்லை. மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டபோது, அவர் மேலதிகாரி முன்னால் நின்று ஒரே ஒரு விஷயம் கேட்டாராம். "நான் தள்றேன் சார். பிரேக்க வேற யாராச்சும் புடிக்கட்டும்." நாற்பதைத் தாண்டிய மனுஷர், இளவட்டங்களோடு சேர்ந்து தண்டவாளத்தின் மேல் ஓடினார். சரிவில் மற்றவர்கள் ஏறி உட்கார்ந்தாலும் இவர் ஏறாமல் வண்டியைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடிவருவார் என்று கோவிந்தன் மாமா சொல்லி வருத்தப்படுவார். கல்லறைத் திருநாளில் எங்கள் தாத்தாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியபின், சுவரோரம் வெறுந்தரையில் இன்னொன்று ஏற்றி வைத்தார். அம்மா, "அவுங்கள எரிச்சாங்க, இங்க ஏதுய்யா அவுங்களுக்குக் கல்லற?" என்று மெல்லக் கேட்டாள். அப்பா காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு வத்தி முழுதும் உருகும்வரை குந்தியிருந்தார். எங்கள் வீட்டில் அந்த நாளைப் பற்றிப் பேசப்பட்டது அவ்வளவுதான்.

அஞ்சலை படிப்பை விட்டாள். தாயின் அன்னக்கூடையை அவள் தூக்கிக்கொண்டாள். எங்கள் குவாட்டர்ஸ் பக்கம் மட்டும் வரமாட்டாள்.

பத்தாவதில், சிதம்பரத்தில், பௌதிக வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் எழுதினார்: உந்தம் என்பது நிறையும் வேகமும் பெருக்கியது. ஓடுகிற பொருளை நிறுத்த வேண்டுமானால் அதன் உந்தத்தைக் கழித்தாக வேண்டும். அதை நீண்ட நேரத்தில் கழித்தால் சிறு விசை போதும், கண நேரத்தில் கழித்தால் பெரு விசை வரும். அந்த விசையையும் நேரத்தையும் பெருக்கினால் கணத்தாக்கு. பிறகு புத்தகத்திலிருந்த கேள்வியை என்னிடமே கேட்டார். "கெட்டித் தரையில குதிக்கிறவனுக்கு அடிபடுது. மணல்ல குதிக்கிறவனுக்குப் படல. ஏன், பிலோமினா?"

எழுந்து நின்றேன். சேறு என் முழங்கை வரை ஏறியது. சேறு எனக்குக் கொடுத்த நேரத்தை ஜல்லி செல்லம்மாவுக்குக் கொடுக்கவில்லை. பதில் அதுதான், வாயில் வரவில்லை. "தெரியலன்னா உக்காரு" என்றார் டீச்சர்.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது போலாயிற்று. டிராலியும் ஆட்களும் சேர்ந்து ஏறக்குறைய அறுநூறு கிலோ, அதில் நான் இருபத்தைந்து. இறக்கத்தில் ஒரு விநாடிக்கு ஐந்து மீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டேன். மழையில் பிரேக் போட்டால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கோவிந்தன் மாமாவைக் கேட்டேன். தூரத்தைத் தண்டவாளக் கணக்கில் சொல்வதுதான் அவர்கள் வழக்கம், மூட்டுக்கு மூட்டு ஒரு தண்டவாளம். "நாலு தண்டவாளம் ஓடித்தான் நிக்கும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "உங்கப்பன் கத்துனப்ப ஒரு தண்டவாளந்தான் இருந்துது" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தனியாகப் போய், வளைவிலிருந்து அந்த இடம் வரை மூட்டு மூட்டாக எண்ணினேன். மூன்று.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். வளைவில் கண்டதுமே அப்பா அழுத்தியிருந்தாலும் வண்டி நின்றிருக்காது. நாலு வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது. அந்த வரியை எழுதியபோது மூச்சு வந்தது. ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. மூன்று தண்டவாள தூரம் பிரேக் பிடித்திருந்தால் வேகம் சரிபாதியாகியிருக்கும், அதோடு உந்தமும். ஒன்று மட்டும் கிடைத்ததால் எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஐந்து விநாடி. என் கழுத்தடியில் சாக்கு முடிச்சு அவிழ்ந்து மறுபடி விழுந்த நேரம்.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு மூன்று மாதம் திரிந்தேன். முழுப்பரீட்சை முடிந்த வாரம், சவுக்குத் தோப்பில் காய்ந்த குச்சி மிலாறு பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த அஞ்சலையிடம் போனேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கட்டிக்கொண்டேயிருந்தாள்.

"அஞ்சல, அன்னிக்கி டிராலியில நானும் இருந்தேன்."

"தெரியுமே."

கயிற்றை இழுத்து முடிந்துகொண்டே அவள் சொன்னாள்: "ஆஸ்பத்திரியில ரெண்டாம் நாளு எங்கம்மாவுக்கு நெனவு வந்துது. மொதல்ல உன்னத்தான் கேட்டுது. 'வயக்காட்டுல போயி வுழுந்துதே சவரிமுத்து பொண்ணு, அதுக்கு எதுனா ஆச்சா'ன்னு. ஒண்ணும் ஆவலம்மா, நல்லாருக்குதுன்னேன்."

"விசாரணையில நீ ஏன் சொல்லல?"

"அம்மாதான் வாணாம்னுச்சு. அந்தப் பொண்ணு பேரு வந்தா அந்த ஆளுக்கு வேல பூடும்னுச்சு."

வளைவில் அப்பா என் பக்கம் திரும்பிச் சாக்கு முடிந்துகொண்டிருந்ததைச் சொன்னேன். தோப்பில் காற்று இல்லை. அவள் கையை உதறிவிட்டு, முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "உங்கப்பா உம்பக்கம் திரும்பாம இருந்துருந்தா, எங்கம்மா இருந்துருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். வண்டி நின்றிருக்காது என்ற முதல் பாதியை மட்டும் சொன்னால் அது பொய்கூட இல்லை.

"வண்டி நின்னுருக்காது. ஆனா அடி பாதியாத்தான் இருந்துருக்கும். இருந்துருக்கலாம், அஞ்சல."

அவள் மிலாற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். வெகுநேரம் அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன், தொடத் தைரியமில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து சும்மாட்டைத் தலையில் வைத்தாள். "இத தூக்கி வுடு" என்றாள். தூக்கிவிட்டேன். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ அவள் அன்றும் சொல்லவில்லை, பின்னாலும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், கணக்கை அல்ல, செல்லம்மா கேட்டதை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறாமலே கேட்டார். "எப்ப கேட்டுது?" ரெண்டாம் நாள் என்றேன். எச்சில் கை காயும்வரை அப்படியே இருந்தார். மறுநாள் விடிந்ததும், வேலைக்குப் போகும் முன், தோப்புப் பக்கம் நடந்து போவதைப் பார்த்தேன். அந்தக் குடிசை வாசலில் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அஞ்சலை எங்கள் வீட்டுக்கும் நண்டு கொண்டுவந்தாள். அப்பா ஓய்வுபெறும் நாள்வரை ஓடித்தான் தள்ளினார்.

போன வருஷம் சிதம்பரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வண்டி ஜன்னலோரம் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். பாதை அகலப்பாதையாகி வருஷங்கள் ஆகின்றன. குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் கருவேல முள். சவுக்குத் தோப்பில் பாதி இறால் குட்டை. மூட்டே இல்லாத நீளத் தண்டவாளத்தில் வண்டி சத்தமில்லாமல் போகிறது. வளைவு எது என்று கண்டுபிடிப்பதற்குள் பாலம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டரும் கோவிந்தன் மாமாவும் அப்பாவும் ஒருவர்பின் ஒருவராகப் போய்விட்டார்கள். மற்ற இருவரைப் பற்றித் தகவல் இல்லை. அஞ்சலை இறந்து இரண்டு வருஷமாகிறது. விசாரணைக் காகிதம் எங்காவது மக்காமல் இருந்தால், அதில் அன்று டிராலியில் போனவர்கள் ஐந்து பேர் என்றுதான் இருக்கும். அது தப்பு என்று சொல்ல இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். சொல்லிவிடுகிறேன்: நாங்கள் ஆறு பேர்.