முட்டுக்காட்டுப் புழுவுக்குப் பெயர் வைத்த கதை

பிள்ளைக்குப் பெயர் வைத்தால் ஊர் கூடி வாழ்த்தும். புழுவுக்குப் பெயர் வைத்தால் ஊர் கூடித் திட்டும். எண்பதுகளில் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்துகொண்டு, கடல் புழுக்களை வகை பிரிக்கும் வேலையில் தலையைக் கொடுத்தவள் நான். மண்புழு இல்லை. உடம்பின் இரண்டு பக்கமும் மெல்லிய முட்கள் துருத்திக்கொண்டு உப்புச் சேற்றில் நெளியுமே, அது. யாரும் மதிக்காத ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுத அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

பஸ்ஸில் ஒரு பக்கெட்

கடலோரம் முட்டுக்காட்டு உப்பங்கழியில் தண்ணீர் வடியும் நேரம் பார்த்துப் போய், முழங்கால் சேற்றில் இறங்கித் தோண்டி, பிளாஸ்டிக் பக்கெட்டில் புழுவை அள்ளிக்கொண்டு பஸ் ஏறுவேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர ஒரு பஸ், ஒரு மின்சார ரயில், மறுபடி ஒரு பஸ். அந்த நாற்றத்துக்குப் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும். கால் நீட்டி உட்கார்ந்து வருவேன். எனக்கென்ன வெட்கம்?

ஒருநாள் மீன்கூடையோடு ஏறிய அம்மா ஒருவர் பக்கெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, தூண்டிலுக்கா என்று கேட்டார். "இல்லக்கா, இதைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி அவர் சொன்னார்: "அய்ய, இம்மாம் பெரிய கடலாண்ட போய்ட்டு புழுவத் தூக்கினு வர்றியே, இன்னா வேண்டுதலா?"

யார் மேல் தப்பு?

இந்தப் புழுவின் வாயைப் பிதுக்கிப் பார்த்தால் உள்ளே கறுப்பாகப் பொடிப்பொடியாகப் பற்கள் இருக்கும். அவை எங்கெங்கே இருக்கின்றன என்பதை வைத்துத்தான் இனத்தைச் சொல்வோம். எங்களிடம் இருந்ததோ வெள்ளைக்காரன் தன் ஊர்க் கடலைப் பார்த்து எழுதிய பழைய புத்தகம். அதன்படி பல் இருக்க வேண்டிய ஓரிடத்தில் என் புழுவுக்கு வழவழவென்று ஒன்றுமே இல்லை. எத்தனை புழுவைப் பிதுக்கினாலும் அதே கதைதான்.

ஓடிப்போய்த் துறைத் தலைவரிடம் சொன்னேன், புது இனமாக இருக்கும் சார் என்று. அவர் மைக்ரோஸ்கோப் பக்கமே வரவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார்: "புத்தகம் சரியாத்தான் இருக்கும்மா. புழுதான் தப்பா வளர்ந்திருக்கும்."

தபால் ஆபீஸில்

அப்படியா சங்கதி என்று எனக்கு வீம்பு ஏறிவிட்டது. வெளிநாட்டில் இதற்கென்றே இருக்கும் ஒரு நிபுணருக்குப் புழுவை அனுப்பிக் கேட்பது என்று முடிவு செய்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த துணியில் சுற்றி, பாலிதீன் உறையில் போட்டு ஒட்டி, டப்பாவில் வைத்துத் தபால் ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். உள்ளே என்ன என்றார். "செத்த புழு" என்றேன். என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"ஏன் மேடம், அந்த ஊர்ல புழுவே கிடையாதா?"

பெயர் யாருக்கு?

பதில் வந்தது: புது இனமேதான்! அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். டீ எல்லாம் வந்தது. வேலை நிரந்தரமாகும் பேச்சும் வந்தது. கடைசியில் விஷயமும் வந்தது: புழுவுக்கு அவர் பெயரை வைக்க வேண்டுமாம். கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் அநாகரிகம். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் வைப்பது மரியாதை. "எனக்கு நானே வெச்சுக்க முடியாதும்மா. அதுக்குத்தானே நீங்கள்லாம் இருக்கீங்க?"

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. சேற்றில் இறங்கியது நான், தப்பாக வளர்ந்த புழு என்றது இவர், பெயரும் இவருக்கா? யோசிக்கிறேன் சார் என்று எழுந்து வந்துவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் என் தோழி சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள்: "நிரந்தர வேலைடி! பேர்தானே, குடுத்துத் தொலை. புழுவா வந்து கேக்கப்போகுது?"

துணியில்லாத பெயர்

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கல்லூரி ஆண்டு மலரில் அவருடைய போட்டோவைப் போட்டு, செல்வராணி என்கிற நான் புழுவுக்கு அவர் பெயரை வைத்துவிட்டதாக அச்சடித்தே விட்டார். அவசரத்தில் ஒன்றை மறந்துபோனார். புழு எப்படி இருக்கும் என்கிற வர்ணனை இல்லாமல் வெறும் பெயரை மட்டும் அச்சடித்தால் அது செல்லாது. அதற்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற பேரே நிர்வாணப் பெயர்.

நான் ராப்பகலாக உட்கார்ந்து பல், முள், கால் எல்லாவற்றையும் படம் வரைந்து, முழு வர்ணனையோடு ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பினேன். முட்டுக்காட்டின் பெயரையே வைத்தேன். சேறு கொடுத்த ஊருக்கு இல்லாத மரியாதையா? இதழ் வந்ததும் அதை அவர் மேஜையில் நானே கொண்டுபோய் வைத்தேன். மலரில் வந்தது செல்லாது சார் என்று காரணத்தையும் சொன்னேன். அவர் படித்து முடித்துவிட்டு நிமிராமலே சொன்னார்: "அடுத்த வருஷத்துக்கு நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்."

லேபிள்

பெருங்களத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்குப் பாடம் எடுக்கப் போனேன். அழுதேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெயரைக் கொடுத்திருக்கலாமோ என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

கொஞ்ச காலம் கழித்து, கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்ததாம். முட்டுக்காட்டுப் புழுவை ஜாடியில் போட்டு முன் வரிசையில் வைத்து லேபிள் ஒட்ட வேண்டும். இனத்தின் பெயரை எழுதினால், அதை முதலில் வர்ணித்தவரின் பெயரையும் பின்னாலேயே எழுதுவது எங்கள் தொழில் முறை. தாம்பரம் மார்க்கெட்டில் என்னைப் பார்த்த சரோஜா, காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்: "சார் தன் கையாலயே உன் பேரை எழுதி ஒட்டினாருடி!"

நிரந்தர வேலை கிடைக்கவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் புழுவை முறைப்படி அழைக்க வருகிற எந்தப் பெரிய மனிதரும் என் பெயரையும் எழுதிவிட்டுத்தான் நகர வேண்டும்.