வெயில் படாத சந்தில் காசித்தும்பை

நெம்மேலிப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் கருவாடு காயவைத்து விற்றுவந்தாள் ஷீலா. மாசி மாதம் அவள் முகத்தில் சிவப்பாகத் தடித்தது. மூட்டுகள் வீங்கின. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய் என்றார்கள். “மாத்திரைய விட்டுடாதீங்கம்மா. வெயில் உங்களுக்கு ஆகவே ஆகாது,” என்றார் டாக்டர். வெயிலை நம்பித்தான் அவள் பிழைப்பே இருந்தது.

மருந்துக்குக் காத்திருந்தபோது வராந்தாவை ஒட்டிய நிழலில் காசித்தும்பை பூத்திருப்பதைப் பார்த்தாள். ரோஸ், ஊதா, வெள்ளை. பழுத்த காயொன்றைத் தொட்டாள். படக்கென்று வெடித்து விதைகள் கையில் தெறித்தன. தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டு இன்னும் கொஞ்சம் காய் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு ஆதியம்மாள் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. வெளிச்சம் வரும், வெயில் வராது. அங்கே பாதி விதைகளைத் தூவினாள்.

“இன்னாத்துக்கு இந்த பேஜாரு? கம்முனு வூட்ல குந்து,” என்றான் கணவன் மூர்த்தி.

“குந்திக்கினே இருந்தா பைத்தியம் புடிச்சிரும்யா.”

முளைத்த நாற்றுகள் நுனி கருகிச் செத்தன. மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. ஆதியம்மாள் மீன் கழுவிய தண்ணீரைச் சந்தில்தான் கொட்டுவாள்.

“யக்கா, தண்ணிய அந்தாண்ட ஊத்தேன்.”

“எத்தினி வருசமா ஊத்திக்கினு கீறேன்! உன் பூவுக்கோசரம் நான் எங்க போவேன்?”

ஷீலா சண்டைக்குப் போகவில்லை. வலிக்கிற விரல்களால் களைக்கொத்தைப் பிடித்து, மீன் தண்ணீர் சந்துக்குள் வராமல் ஓட ஆதியம்மாள் வாசலிலிருந்து பின்பக்கச் சாக்கடை வரை ஒரு கால்வாய் வெட்டினாள். ஓய்ந்து ஓய்ந்து வெட்டியதில் ஒரு வாரம் போயிற்று. கடைசி நாள் மூர்த்தி வந்து கொத்தை வாங்கிக்கொண்டான். பழைய மண்ணை அள்ளிவிட்டுச் செம்மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பினார்கள். மிச்ச விதையை ஆடியில் போட்டாள். உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரைத் தொடவில்லை. குழாய்த் தண்ணீரும் அரிசி களைந்த நீரும்தான், அதுவும் மண் காய்ந்த பிறகு.

புரட்டாசியில் சந்து முழுக்க நிறமாக நின்றது. ஆதியம்மாள் எட்டிப் பார்த்து வெகுநேரம் நின்றாள்.

“ஊதாவுல ஒரு செடி குடேன்டி.”

“வெத தரேன், நீயே போடுக்கா.”

இப்போது கருவாடு காயவைப்பது மூர்த்தியின் வேலை. சந்தின் வாயில் பலகை போட்டு உட்கார்ந்து விற்பது ஷீலா. அணுமின் நிலைய ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரத்திலிருந்து கருவாட்டுக்கு வரும் ஆட்கள் பூவைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்கள். வலி முழுசாக விடவில்லை. சில காலைகளில் விரல் மடங்காது.

கார்த்திகைப் புயல் மழையில் செடிகளெல்லாம் சாய்ந்து அழுகின. “போச்சே!” என்றான் மூர்த்தி.

“போனா போவுது. வெத கீது,” என்றாள் ஷீலா. மழை விட்டதும் அழுகிய தண்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தையில் விதைக்க மண்ணைக் கொத்தத் தொடங்கினாள்.