ஆளுக்கொரு எழுத்து

என் தங்கையும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். கொட்டாஞ்சேனையில் ஒரே வீட்டிலிருந்து, ஒரே மாதிரி வெள்ளைச் சட்டையோடு, மழை நாட்களில் ஒரே குடைக்குக் கீழே நடந்து போவோம். கேற்றைத் தாண்டியதும் அவள் இடப்பக்கம் திரும்பித் தமிழ் வகுப்புக்குப் போவாள். நான் வலப்பக்கம் திரும்பிச் சிங்கள வகுப்புக்குப் போவேன். நடுவில் நீளமான ஒரு விறாந்தை. அதைத் தாண்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் இடைவேளையில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கமும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் பக்கமும்தான் விளையாடினார்கள்.

இது அப்பாவின் ஏற்பாடு. அப்பா துறைமுகத்தில் கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சாமான்களைப் பதிவது அவர் வேலை. நான் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்தபோது சிங்களம் மட்டும்தான் அரசாங்க மொழி என்று ஆகியிருந்தது. தமிழ் உத்தியோகத்தர்கள் எல்லோரும் சிங்களப் பரீட்சை பாஸாக வேண்டும், இல்லாவிட்டால் சம்பள உயர்வு கிடையாது, கடைசியில் வேலையும் கிடையாது என்று அவருடைய கந்தோருக்குச் சுற்றறிக்கை வந்தது. அப்பா பயந்துபோனார். அந்தப் பயத்தில் எங்கள் இருவரையும் பங்கு பிரித்தார். மூத்தவள் சிங்களத்தில் படித்தால் நாளைக்கு அரசாங்க வேலை கிடைக்கும். இளையவள் தமிழில் படித்தால் வீட்டில் தமிழ் இருக்கும். இரண்டு தோணியில் கால் வைக்காதே என்று ஊரெல்லாம் சொல்லும். அப்பா வைத்தார், ஆனால் வைத்தது எங்கள் கால்களை.

தமிழ்ப் பிள்ளை தமிழ் வகுப்பில்தான் சேர வேண்டும் என்பது விதி. அதற்கும் ஒரு வழி இருந்தது. அம்மா நீர்கொழும்புக்காரி. அவள் படித்த காலத்தில் அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. அவளுடைய அண்ணன்மாரின் பிள்ளைகள் படிக்கப் போனபோது அது சிங்களப் பள்ளிக்கூடமாகிவிட்டது. வீட்டில் தமிழில் சண்டை பிடித்து, வகுப்பில் சிங்களத்தில் எழுதுகிற சனம் அவர்கள். அம்மா வழியில் சிங்களம் உண்டு என்று சொல்லி அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். இரண்டு வருடம் கழித்துத் தங்கையைக் கூட்டிப்போனபோது அம்மா வழியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

சிங்கள வகுப்புப் பிள்ளைகள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். வரவு கூப்பிடும் டாப்பில் என் பெயர் வரும்போது டீச்சர் கொஞ்சம் தடுக்கி வாசிப்பார், அவ்வளவுதான். என் சிங்களம் அவர்களுடையதைப் போலவே இருந்ததால் நான் யாரென்பதை அவர்கள் அடிக்கடி மறந்துபோவார்கள். தமிழர்களைப் பற்றி வீட்டில் கேட்டதையெல்லாம் என் முன்னாலேயே கதைப்பார்கள். பிறகு திடுக்கிட்டு என் கையைப் பிடித்து, "ஒயாட்ட நெமெய்" என்பார்கள். உனக்குச் சொல்லவில்லை என்று அர்த்தம். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல்தான் வருகிறது.

வீட்டில் வேறு விதம். பின்னேரம் விளக்கேற்றிச் செபமாலை சொன்ன பிறகு, செபப் புத்தகத்திலிருந்து ஆளுக்கொரு பக்கம் வாசிப்பது எங்கள் வழக்கம். அப்பா வாசிப்பார். அம்மாவிடம் கொடுப்பார். அம்மா வாசித்துவிட்டு, என் தலைக்கு மேலால் கையை நீட்டித் தங்கையிடம் கொடுப்பாள். "மூத்தவளுக்குக் கஷ்டம்" என்று முதல் நாள் சொன்னாள். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாரப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தை அப்பாவும் தங்கையும் தலையோடு தலை முட்டிக்கொண்டு வாசித்துச் சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால், "சும்மா அக்கா, ஒரு பகிடி" என்பாள். எனக்கு அந்த நாட்களில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பா என்னைத் தமிழ் வகுப்புக்கு மாற்றிவிட வேண்டும். ராசாத்தி மாதிரி வைத்திருந்தாலும் வேண்டாம், அந்தப் புத்தகம் என் கைக்கும் வர வேண்டும்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது தங்கையின் வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்கு வெள்ளவத்தைக்குப் போனோம். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மாடி வீடு. தோழியின் தகப்பன் அப்பாவின் கந்தோரிலேயே பெரிய உத்தியோகத்தர். அந்த வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் இங்கிலிஷில் கதைத்தார்கள். தமிழ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. சிங்களம் வேலைக்காரியோடு. எந்தத் தோணியில் கால் வைப்பது என்ற யோசனையே அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

தோழியின் தாய் கேக் தட்டோடு வந்து அப்பாவிடம் கேட்டார். "நீங்கள் எந்த ஊர்?"

"கொட்டாஞ்சேனை."

"அது இருக்கிற இடம். சொந்த ஊரைக் கேட்டனான்."

"சொந்த ஊரும் அதுதான்" என்று அப்பா சிரித்தார். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த கதிரைக்குப் போய்விட்டார். பிறகு எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

புறப்படும்போது அந்தப் பெரிய உத்தியோகத்தர் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "நான் அந்தச் சிங்களச் சோதினை எழுதமாட்டன். வேணுமெண்டால் வேலையை விட்டிட்டுப் போறன்." வந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

பஸ் கோட்டையைத் தாண்டிய பிறகுதான் அப்பா என்னிடம் சொன்னார். "அவருக்குப் போக இடம் இருக்கு, மகள். யாழ்ப்பாணத்தில வீடு, காணி எல்லாம் இருக்கு. நான் விட்டுட்டு எங்க போறது?"

ரோஷப்படுவதற்கும் வசதி வேண்டும் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அப்பா அந்த வீட்டில் சின்ன ஆளாக நின்றது மட்டும் விளங்கியது. அதற்கு அவரையே கோபித்தேன்.

பெரியவர் சொன்னபடி வேலையை விட்டார். மாலை போட்டுப் பேச்சுப் பேசி அனுப்பினார்கள் என்று அப்பா வந்து சொன்னார். அடுத்த கிழமையே அப்பா ஒரு புதுக் கொப்பியோடு சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். முதல் தரம் எழுதிய பரீட்சையில் பெயில். இரண்டாம் தரத்துக்கு நான்தான் டீச்சர்.

நான் நல்ல டீச்சர் இல்லை. அடிமட்டமும் சிவப்புப் பென்சிலும் வைத்துக்கொண்டு, எங்கள் வகுப்பு டீச்சரின் குரலை அப்படியே எடுத்துக்கொண்டேன். அப்பாவின் தமிழ் எழுத்து கோயில் சுவரில் ஒட்டலாம், அவ்வளவு அழகு. சிங்களத்தில் அவருடைய எழுத்துகள் ஊதிப்போய், வரியை விட்டு உருண்டு ஓடின. ஒருநாள் பொறுமை போய்ச் சொன்னேன்: "என்ன அப்பா இது? ரெண்டாம் வகுப்புப் பிள்ளை இதைவிட வடிவா எழுதும்." பக்கத்தில் இருந்த தங்கை கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். அப்பா பென்சிலை வைத்தார். எழும்பிப் போகப்போகிறார் என்று பயந்தேன். அவர் பென்சிலைத் திரும்ப எடுத்து, "சரி டீச்சர், இன்னொருக்கா காட்டுங்க" என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த மாதங்கள்தான் என் சிறு வயதிலேயே நல்ல மாதங்கள். அப்பா எனக்குப் பக்கத்தில் இருந்தார். என்னிடம் இருந்த ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. பாஸானதும் கேட்பது என்று மனதுக்குள் தீர்மானித்திருந்தேன். அதற்காகவே அவரை அப்படி வாட்டினேன்.

பாஸானார். அவருக்கு யாரும் மாலை போடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, "என்ன, இனிப் பூசையும் சிங்களத்திலயா?" என்று ஒருவர் பகிடி விட்டார். அப்பா கேட்காதது மாதிரி நடந்தார். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "டீச்சருக்கு என்ன வேணும்? சொல்லு" என்றார்.

"என்னைத் தமிழ் வகுப்புக்கு மாத்துங்க."

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "அது மட்டும் ஏலாது, மகள்" என்றார். "நான் இந்த வயசில பட்ட பாட்டை நீ பாத்தாய் தானே? நீ படக் கூடாது."

நியாயமான பதில்தான். பன்னிரண்டு வயதில் நியாயத்தை வைத்து என்ன செய்வது? அன்றைக்கு நான் அழுததை யாரும் பார்க்கவில்லை, பார்க்க விடவில்லை.

பிறகு தானாகக் கற்றிருக்கலாமே என்று கேட்பீர்கள். கற்றிருக்கலாம். "நான் சொல்லித்தாறன் அக்கா" என்று தங்கை அரிச்சுவடியோடு வந்தாள். புத்தகத்தைத் தள்ளிவிட்டேன். வாசலால் விடாதவர்கள் வீட்டுக்குப் பின்பக்கக் கோடியால் நுழைய மாட்டேன் என்று ஒரு வீம்பு. இப்போது இதைத் தமிழில் எழுதுகிறேன் என்றால் அது முப்பதுக்குப் பிறகு கூட்டிக் கூட்டி வாசித்து வந்த எழுத்து. அதுவரைக்கும் பஸ் போர்டுகூடச் சிங்களத்தில்தான் பார்த்தேன்.

அப்பாவின் திட்டம் பலித்தது. புதுக்கடைப் பக்கம் ஓர் அரசாங்கக் கந்தோரில் எனக்கு வேலை கிடைத்தது. வருகிற தமிழ்ச் சனம் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து தமிழில் எழுதிய கடிதத்தை நீட்டும். நான் அதை வாங்கி அடுத்த மேசைக்கு அனுப்புவேன். "பிள்ளை தமிழ்தானே?" என்பார்கள். "ஓம்" என்பேன்.

தங்கை கலியாணம் கட்டி லண்டனுக்குப் போனாள். அவள் தமிழில் எழுதுவாள், அம்மா உரத்து வாசிப்பாள். "அக்காவுக்கு அன்பு முத்தங்கள்" என்று கடைசியில் ஒரு வரி வரும். அவளுக்கு என் எழுத்துத் தெரியாது, எனக்கு அவளுடையது தெரியாது. ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்த எனக்கு, அவளுக்கு ஒரு கடிதம் எழுத வழியில்லை.

ஒரு கலவரத்தின்போது எங்கள் ஒழுங்கைக்குள்ளும் தமிழர்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள். கதவைத் தட்டினார்கள். அப்பாவும் அம்மாவும் பின்னறையில். நான் கதவைத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் நீர்கொழும்பு ஆட்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். ஒருவன் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டான். சொன்னேன். தன் தங்கச்சியும் அங்கேதான் படித்தாள் என்றான். போய்விட்டார்கள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் அப்பா நிற்கிறார். "பாத்தியா?" என்றார். "நான் செய்தது சரிதானே?"

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. சரிதான் என்று சொன்னேன், ஏனென்றால் அது சரியாகத்தான் இருந்தது.

அதற்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்பாவுக்குத் தொண்டையில் ஒப்பரேஷன் செய்தார்கள். கொஞ்ச நாளைக்குப் பேசக் கூடாது என்றார் டொக்டர். காலையில் கந்தோருக்குப் போகும் வழியில் நான் பார்ப்பேன், மத்தியானம் அம்மா வருவாள். முதல் நாள் காலை ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்கிப் போனேன். அப்பா ஆவலாக வாங்கினார். தலையணையில் சாய்ந்து, நிறுத்தாமல், ஒரு பக்கம் முழுக்க எழுதி என்னிடம் நீட்டினார். தமிழில்.

பார்த்தேன். வடிவான எழுத்து. "ஓம் அப்பா" என்று தலையாட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பதில் தேவைப்படுகிற விஷயம் போலிருக்கிறது. திரும்பவும் தலையாட்டினேன். விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "நேர்ஸைக் கூப்பிடவா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கொப்பியை என் கையிலிருந்து மெல்ல வாங்கினார். அடுத்த பக்கத்தைப் புரட்டி, ஒவ்வோர் எழுத்தாக, வெகு நேரம் எடுத்து எழுதினார். வரியை விட்டு உருளும் அதே சிங்கள எழுத்து. வாசித்தால் தமிழ்.

"மறந்து போனேன் மகள்."

இருபது வருடமாக நான் நெஞ்சில் வைத்துப் பொத்திய ஒன்று. அதைச் செய்தவருக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. கோபம்தான் முதலில் வந்தது. பிறகு, அவர் மனதில் இத்தனை நாளும் நான் தமிழ் வாசிக்கிற ஒரு மகளாகவே இருந்திருக்கிறேன் என்று தோன்றியதும் அந்த வார்டிலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அப்பா என் தலையைத் தடவினார். அன்றைக்கு நான் கந்தோருக்குப் போகவில்லை.

மத்தியானம் அம்மா வந்தாள். முதல் பக்கத்தைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டு வாசித்தாள்.

"லண்டனுக்குக் கடிதம் எழுதட்டாம். ஒப்பரேஷன் சரியா நடந்தது, பயப்பட வேணாமெண்டு சொல்லட்டாம்" என்றாள். கொஞ்சம் தயங்கி மிச்சத்தையும் சொன்னாள். "அம்மா எழுதினா அழுது எழுதிப்போடுவா, நீயே எழுது, எண்டு எழுதியிருக்கிறார்."

அம்மாதான் எழுதினாள். கட்டிலின் ஓரத்தில் இருந்து, நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அழாமல் எழுதினாள். முடிந்ததும் பென்சிலை வாங்கிக்கொண்டு, என் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டச் சொன்னேன். அதைப் பார்த்து, கடிதத்தின் அடியில், முதல் தடவையாக என் பெயரைத் தமிழில் எழுதினேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது.