சம்பந்தியின் மண்புழு

குளத்துமேட்டு நதிமின் யார் என்றால், செத்துப்போன மரத்தச்சன் கர்யோவின் மூத்த தாரத்து மகன். இளைய தாரத்துக்குப் பிறந்தவள் பாயினெம். தாய் வேறானாலும் அண்ணனும் தங்கையும் ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்தான் குடியிருந்தார்கள். நடுவில் ஒரு கிணறு, ஒரு வாழைத்தோப்பு. சண்டைக்கு அது போதும்.

நதிமினுக்கு மீன் பிடிக்கிற ஆசை உண்டு, ராசி கிடையாது. தூண்டில் போடுவதில் குறையே சொல்ல முடியாது. மணிக்கணக்காகக் கொக்குபோல உட்கார்ந்திருப்பான். குறை இரையில். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் மண்ணைக் கிளறினால் புழு கொட்டும். அப்போது குளமெல்லாம் வெள்ளம், மீன் எங்கே என்று தெரியாது. கோடையில் குளம் வற்றி மீன் ஒரு மூலைக்கு வந்து சேரும்போது மண் செங்கல்லாக இறுகிக் கிடக்கும், ஒரு புழு அகப்படாது. ஆகவே மழையில் பிடித்த புழுவைக் கோடைவரை உயிரோடு வைத்திருப்பவன்தான் மீன் பிடிப்பான். நதிமினுக்கு அதுதான் கைவரவில்லை. ஒரு வருஷம் பானையை அடுப்படியில் வைத்தான், புழு வெந்துபோயிற்று. மறு வருஷம் கொல்லையில் வைத்தான், சிவப்பெறும்பு தூக்கிக்கொண்டு போயிற்று. அதற்கடுத்த வருஷம் மூடியை இறுக்கிக் கட்டிவைத்து, திறந்தபோது வீட்டில் இருந்தவர்கள் தெருவுக்கு ஓடினார்கள்.

மகள் வார்த்தினியைக் கட்டிக்கொடுத்த இடம் ஆற்றங்கரை ஊர். சம்பந்தி தர்யோனோ நெல் ஆலையில் வேலை பார்த்தவர், பேச்சில் மிளகாய் தடவியவர். வார்த்தினி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் நதிமின், தலைப்பிரசவம் தன் வீட்டில்தான் என்று சொல்லி அனுப்பினான். அதற்குச் சம்பந்தி நேரிலேயே வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, பத்துப் பேர் நடுவில் வைத்துக் கேட்டார்:

"மண்புழுவையே ரெண்டு நாளைக்கு உசுரோட வெச்சுக்கத் தெரியல. எம் பேரப்புள்ளைய நீங்க எப்படி வெச்சுப்பீங்க சம்பந்தி?"

எல்லோரும் சிரித்தார்கள். நதிமினின் மனைவி சுத்தினாகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நதிமினுக்கு முகம் கறுத்துவிட்டது. இந்தக் கோடையில் ஊரார் மீன் பிடிக்கக் குளம் திறக்கிற அன்று தன் பானைப் புழுவை வைத்தே சம்பந்தியைவிடப் பெரிய மீன் பிடித்துக்காட்டுவதாகவும், பிடித்துவிட்டால் மகள் பிரசவத்துக்கு இங்கேயே இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டான். சம்பந்தியும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. சுடாத புதுப் பானை வாங்கினால் ஊறிப்போகும் என்று, நன்றாகச் சுட்ட பழைய பானையாகத் தேடிப் பிடித்தான். அடியில் தேங்காய் நார்த்தூள், அதன்மேல் மக்கின இலைமண், நடுவில் நறுக்கிப்போட்ட வாழைத்தண்டு. குடித்து மிஞ்சின காப்பிச் சக்கையை ஊரெல்லாம் வாங்கிவந்து தூவினான். புழு அதைத் தின்று கொழுக்கும் என்று யாரோ சொன்னார்கள், கொழுக்கவும் செய்தது. வாயை ஈரச்சாக்கால் மூடி, எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவே நிறுத்தி, சூரியன் எட்டாத சுவரோரம் வைத்தான். தினமும் கிளறிப் பார்த்து, செத்தது ஒன்று இருந்தாலும் எடுத்து எறிவான். ஒன்று அழுகினால் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சாக்கில் தண்ணீரைத் தெளிப்பானே தவிர ஊற்ற மாட்டான். பெற்ற பிள்ளையின் தலையை அவன் இப்படி ஒருநாள் தடவிக் கொடுத்ததில்லை என்று சுத்தினா சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

கோடை வந்தது. வார்த்தினிக்கு ஏழாம் மாதம். நதிமின் வீட்டில் சடங்குக்கு நாள் குறித்தார்கள். பார்த்தால், அதே நாள் காலையில்தான் குளம் திறப்பதாக ஊர்த்தலைவர் தண்டோராப் போட்டுவிட்டார். நல்லதாயிற்று, பிடிக்கிற மீன் சடங்குச் சாப்பாட்டுக்கே ஆகும் என்று நதிமின் சந்தோஷப்பட்டான். முதல் நாள் மதியம் பானையைத் திறந்து பார்த்தபோது புழுக்கள் விரல் தடிமனில் சுருண்டு நெளிந்தன. சாயங்காலம் வார்த்தினியோடு சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். அவன் நிம்மதியாகப் படுத்துவிட்டான்.

விடிந்ததும் சாக்கை விலக்கினான். பானை நிறையச் சேற்றுத் தண்ணீர். மேலே மிஞ்சின புழுக்கள் வெளுத்து, ஊதி மிதந்தன. நடுவில் ஒரு விலாங்கு தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. வயிறு புடைத்திருந்தது.

விலாங்கு சடங்குக்கானது. பிள்ளைத்தாய்ச்சியின் சேலைக்குள் அதை விட்டு, அது வழுக்கிக் கீழே விழுகிற மாதிரிப் பிள்ளையும் சுளுவாக விழ வேண்டும் என்று நேர்ந்துகொள்வார்கள். உயிரோடு இருந்தால்தான் செல்லும். அதை வாங்கி வந்தவள் பாயினெம். வாளியில் விட்டால் துள்ளிக் குதித்துவிடும், விலாங்கு சேற்றில்தானே இருக்கும், அண்ணன் வீட்டில் ஈரமண் நிரப்பின பானை இருக்கிறதே என்று ராத்திரியே அதில் விட்டு, ஈரம் பத்தாது என்று கிணற்றுத் தண்ணீரையும் இரண்டு குடம் ஊற்றியிருக்கிறாள்.

நதிமின் போட்ட கூச்சலில் கோழியெல்லாம் கூரை ஏறிவிட்டது. பாயினெம் அசரவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

"விலாங்கு செத்தா உம் பொண்ணோட சடங்கு நடக்குமா? உம் புழு செத்தா என்ன, ஊரா முழுகிப்போச்சு? ஏண்ணே, அது தின்னதே நல்ல சகுனந்தானே."

அந்த விலாங்கை அடித்துப்போடலாம் என்றிருந்தது அவனுக்கு. மகளுக்கானது என்பதால் தொடவும் முடியவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாழைத்தோப்புக்கு ஓடினான். அடிமரத்தைச் சுற்றிக் கொத்திக் கொத்திக் கை கொப்புளித்ததுதான் மிச்சம். நூலிழைபோல மூன்று புழு கிடைத்தது.

குளக்கரையில் ஊரே உட்கார்ந்திருந்தது. அவன் போட்ட முதல் புழுவைப் பொடிமீன் பிடுங்கிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முள்ளில் குத்தும்போதே அறுந்துபோனது. பக்கத்தில் சம்பந்தி, பழைய பால்மாவு டப்பாவில் நார்த்தூளுக்குள் வைத்திருந்த புழுவை ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் பாம்புக்குட்டி மாதிரி துள்ளியது. காலையில் நடந்தது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. டப்பாவை நீட்டினார். நதிமின் வேண்டாம் என்றான். மறுபடியும் நீட்டினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெறும் முள்ளைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? ஒன்றை எடுத்துக்கொண்டான்.

அந்த ஒன்றுக்குத்தான் விழுந்தது. கழி வில்லாக வளைந்தது. முழங்கால் சேற்றில் இறங்கி, இழுத்து, விட்டு, இழுத்துக் கரையேற்றினால், முழங்கை நீளக் கெளுத்தி. அன்று குளத்தில் ஏறியதிலேயே பெரியது அதுதான். சம்பந்தி பிடித்தது அதில் பாதிகூடத் தேறாது. நதிமின் மீனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். வாய் கொள்ளாத சிரிப்பு.

சம்பந்தி நிதானமாகத் தூண்டிலைச் சுருட்டினார். "மீன் உங்களுதுதான், யாரு இல்லேன்னா? உங்க பானைப் புழுன்னுதானே பேச்சு. இது யாரு வெச்சிருந்த புழு?"

நதிமின் ஊர்த்தலைவரைப் பார்த்தான். அவர் குனிந்து தன் டப்பாவுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கரையிலிருந்த ஒருவரும் அவன் பக்கம் பேசவில்லை. இவ்வளவு பெரிய மீனைப் பிடித்த பிறகும் தோற்றவன் அவன் ஒருவன்தான்.

மீனைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, சமையற்கட்டில் அதைத் தொப்பென்று போட்டான். மகள் போய்விடுவாள் என்று சுத்தினாவிடம் சொன்னான். சுத்தினா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"அவ அங்கதான் போறா. மருத்துவச்சி வீடு அவங்க வீட்டுக்கு அடுத்த வாசல். நானும் நம்ம பொண்ணும் போன மாசமே பேசி முடிச்சாச்சு."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீங்க எப்ப நிமிந்தீங்க சொல்றதுக்கு? பானைக்குள்ளயே தலைய விட்டுக்கிட்டு இருந்தீங்க."

இத்தனை மாசம் காப்பிச் சக்கைக்காக வீடு வீடாக அலைந்ததை நினைக்க நினைக்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மீது கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

மதியம் சடங்கு நடந்தது. பூத்தண்ணீர் ஊற்றினார்கள், சேலை மாற்றினார்கள், விலாங்கு நன்றாகவே வழுக்கி விழுந்தது. கெளுத்திக் குழம்பைச் சம்பந்தி இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் வண்டி வந்தபோது நதிமின் மகளின் துணிமூட்டையைத் தானே தூக்கி ஏற்றினான். வார்த்தினி அவன் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, பிள்ளை பிறந்ததும் ஆள் அனுப்புவேன், நீங்கள் வந்துதான் ஆக வேண்டும் என்றாள். அவன் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

வண்டி கிளம்புகிற நேரத்தில் சம்பந்தி தலையை வெளியே நீட்டினார். "ஆள் அனுப்புற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? முன்னாடியே வந்து இருங்க. வீட்டுக்குப் பின்னாலதான் ஆறு."

ஆற்றில் என்ன மீன் இருக்கிறது என்று நதிமின் எரிச்சலோடு கேட்டான்.