வேன் பார்ட்டிக்கு மேல் மாடி

1. மூன்றாம் நம்பர் அறை

பிற்பகல் 3.40. ஏற்காட்டில் அந்த விடுதியின் முன்னால் எங்கள் வேன் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு மெத்தை. வெயிலே இல்லாத அந்த நேரத்தில், இரண்டாம் மாடி கைப்பிடிச் சுவரில் அதைக் காயப்போட்டிருந்தார்கள். நடுவில் பழுப்பாக ஈரம் படர்ந்திருந்தது. பெயர்ப் பலகையில் ‘மோட்டல்’ என்றும், அதன் கீழே ‘குடும்பத்துடன் தங்க ஏற்றது’ என்றும் எழுதியிருந்தது.

அம்பத்தூரில் சின்னதாக ஒரு டூர் ஆபீஸ் நடத்துகிறேன். அதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஒருவருடைய இனிஷியல் தவறினால்கூடத் திட்டு விழும் இடம் அது. எதையும் நேரம், எண்ணிக்கை, இடம் என்று குறித்துவைக்கும் பழக்கம் அங்கே வந்தது. அந்தப் பழக்கம் இருந்தும் நான் கோட்டைவிட்ட ஒரு பயணத்தை, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வேனில் வந்தவர்கள் பதினோரு பெண்கள். எல்லோரும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரே துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். மூத்தவர் மேனாம்பேட்டிலிருந்து வரும் கஸ்தூரி. தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் நின்றே வேலை பார்த்து முழங்கால் தேய்ந்தவர். வலது முட்டியில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. காலை மடக்கி உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலை என்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. அவர் இல்லாமல் போவதில்லை என்று மற்ற பத்துப் பேரும் பிடிவாதமாக இருந்தார்கள். ஆபீசுக்கு வந்து அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“இன்னாம்மே, வியூ கியூ எல்லாம் எனுக்கு வோணாம். கீழ் ரூமு, வெஸ்டர்ன் டாய்லெட்டு. அது இருந்தா வரேன். இல்லாங்காட்டி நான் ஊட்டுலயே கீறேன்.”

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு நானே போய்ப் பார்த்தேன். தரைத்தளத்தில் மூன்றாம் நம்பர் அறை. வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்து எழுந்துகொள்ளச் சுவரில் ஒரு கம்பி. ஃபிளஷை அழுத்தியும் பார்த்தேன். “இதே ரூம்தாங்க மேடம்” என்றார் மேனேஜர். ஊர் திரும்பியதும் கடிதம் அனுப்பினேன். முதல் வரி: ஒரு வேன், 11 பேர், நான்கு அறைகள். இரண்டாம் வரி: ஓர் அறை தரைத்தளத்தில், வெஸ்டர்ன் டாய்லெட்டுடன்.

2. சிவப்பு வட்டம்

மேனேஜர் நான்கு சாவிகளை மேசையில் வைத்தார். 204, 205, 206, 207.

“எல்லாம் ரெண்டாவது மாடி. மூணாம் நம்பர் சாவி எங்கே?”

“அது கார் பார்ட்டிக்குங்க மேடம். இன்னிக்கு வர்றாங்க.”

“நான் எழுதியே கொடுத்திருக்கேனே.”

மறுக்காமல் என் கடிதத்தை எடுத்துக் காட்டினார். முதல் வரியில் ‘வேன்’ என்ற சொல்லைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம். இரண்டாம் வரியில் பேனா படவே இல்லை.

“வேன் பார்ட்டின்னா மேல் மாடிதாங்க. கீழ கார்ல வர்றவங்களுக்கு. ஓனர் வச்ச ரூலுங்க. வேன்ல வர்றவங்க சத்தம் போடுவாங்க, வராண்டாவுல துணி காயப்போடுவாங்க. பார்க்க நல்லா இருக்காதுங்க.”

அவர் இதைச் சொன்னபோது, அவர் தலைக்கு நேர் மேலே அந்த மெத்தை தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் டிரைவர் ஏழுமலை, அம்பத்தூர் பக்கத்துச் சேக்காட்டுக்காரர். “காருக்கும் நாலு வீலு, வேனுக்கும் நாலு வீலு. இன்னா நைனா உன் ரூலு?” என்றார். மேனேஜர் நான்கு சாவிகளையும் என் பக்கம் தள்ளினார்.

ஓனரை போனில் பிடித்தேன். “ரெண்டே நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வேறு ஐந்து விடுதிகளுக்குப் பேசினேன். சீசன், எங்கும் இடமில்லை.

“உடும்மே. வந்த எடத்துல சண்ட எதுக்கு” என்று கஸ்தூரி படியேறத் தொடங்கினார். முப்பத்தெட்டுப் படிகள். பதினோரு நிமிடம் ஆனது.

அறையில் இருந்தது தரையோடு பதித்த டாய்லெட். கால் மணி நேரத்தில் மேனேஜரே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார். உட்காரும் இடத்தில் சூடான கத்தியால் வட்டமாக அறுத்திருந்தார்கள். விளிம்பு கருகி, பல்பல்லாக நின்றது. பின்னங்கால் ஒன்றைக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.

கஸ்தூரி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “இத்த செஞ்சவன் ஒக்காந்து பாத்தானா?”

“எல்லாரும் யூஸ் பண்றாங்கம்மா.”

“அப்போ நீ ஒக்காரு. நான் செக் பண்றேன். கம்பெனில அதான் என் வேல.”

பெண்கள் சிரித்தார்கள். மேனேஜர் நாற்காலியை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

3. பூட்டு

அன்று மாலை ஆறு மணிக்குப் பார்த்தேன். மூன்றாம் நம்பர் அறை பூட்டியிருந்தது. மறுநாள் காலை 7.10க்கும் பூட்டியிருந்தது. சாவியை மறுபடி கேட்டேன். “கார் பார்ட்டி திடீர்னு வந்துட்டா என்னங்க பண்றது?” என்றார் மேனேஜர். ஏரிக்குப் போய்த் திரும்பிய மதியம் 1.30க்கும் அதே பூட்டு. வாசலில் எங்கள் வேனைத் தவிர வேறு வண்டி இல்லை.

அந்த இரண்டு நாளும் கஸ்தூரி எங்களோடு எல்லா இடத்துக்கும் வந்தார். மேகம் கீழே நகர்வதைப் பார்த்து, “இன்னாம்மே, நம்ம ஸ்டீம் அயர்ன் செக்‌ஷன் மாரியே கீது” என்றார். டீ கொடுத்தபோது வேண்டாம் என்றார். காலையில் சாம்பார் இல்லாமல், பொடி தொட்டு ஒன்றரை இட்லி மட்டும் சாப்பிட்டார். வாய்க்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கிளம்பும்போது மேனேஜர் கருத்துப் புத்தகத்தை நீட்டினார். பக்கம் பக்கமாக ‘சூப்பர்’ என்று எழுதியிருந்தது. நான் மூன்றாம் நம்பர் அறை பூட்டியிருந்த நேரங்களை மட்டும் வரிசையாக எழுதிக் கையெழுத்திட்டேன். கடைசி நேரம், நாங்கள் புறப்பட்ட காலை 9.25. அவர் படித்துவிட்டுப் புத்தகத்தை மேசைக்கு அடியில் வைத்தார்.

வாகனத்தைப் பார்த்து மனிதர்களுக்கு மாடி ஒதுக்குகிற அந்த விடுதியை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் ‘வேன்’ என்ற சொல்லை முதல் வரியில் வைத்தவள் நான். முக்கியமானது முதல் வரியில் வர வேண்டும் என்று நாளிதழில் ஒன்பது வருடம் மற்றவர்களைத் திருத்தியவள், வண்டியை முதலிலும் கஸ்தூரியின் முட்டியை இரண்டாவதாகவும் எழுதினேன். அதிலும் அவர் பெயர் இல்லை, அறை எண் இல்லை. இப்போது என் கடிதங்களில் முதல் வரி ஆளின் பெயர், அவர் உடம்புக்கு என்ன தேவை, அறை எண். பக்கத்தில் மேனேஜரின் கையெழுத்து வந்த பிறகுதான் பயணத்தை உறுதி செய்வேன். என்ன வண்டி என்பது கடைசி வரி.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, சேக்காட்டில் வேனைக் கழுவும்போது ஏழுமலை போன் செய்தார். அம்பத்தூரில் புறப்பட்டபோதே ஆளுக்கு மூன்று தண்ணீர் பாட்டில் கொடுத்திருந்தோம். கஸ்தூரியின் சீட்டுக்கு அடியில் மூன்றும் இருந்தன. இரண்டில் சீல் உடையவில்லை. மூன்றாவதில், மாத்திரை விழுங்கும் அளவுக்குத்தான் தண்ணீர் குறைந்திருந்தது.